திலகவதி மேடமும் உடையாத பூசணிக்காயும்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து ராஜாராமன் சார். எங்கள் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்ற திலகவதி மேடத்தின் கணவர். அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை என்பதால் வாயில் நுரையோடே எடுத்தேன்.

"திலகா போயிட்டா தம்பி," என்றார். நான் ஏதாவது கேட்பதற்கு முன்பே, "ரோட்டுல இல்ல. வீட்டுல. தூக்கத்துல. அத மொதல்ல சொல்லிடறேன்," என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. ராஜாராமன் சார் ஏன் அதை முதலில் சொன்னார் என்று மேடத்தை அறிந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாலையில் நேரும் எந்தச் சாவையும் விதி என்று ஒப்புக்கொள்ளாத மனுஷி அவர். தான் ஒரு லாரியில் அடிபட்டுப் போய், துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் "அவங்க நேரம் முடிஞ்சிடுச்சு, என்ன பண்றது" என்று பேசிவிட்டுக் காபி குடிப்பார்களே என்பதுதான் அவருடைய ஒரே பயமாக இருந்திருக்கும். நல்லவேளை, அதற்கு இடம் கொடுக்காமல் போய்விட்டார். இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் எங்களை வதைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்ற குறை மட்டும்தான் எனக்கு.

விழுப்புரம் கல்லூரியில் அவர் பொருளியல், நான் தமிழ். இரண்டு துறைக்கும் ஒரே வராந்தா. என்னைவிட ஆறேழு வருஷம் மூத்தவர். என்னைத் "தமிழய்யா" என்றுதான் கூப்பிடுவார், அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டிலிருந்து பஸ் நிலையம் வரை ஸ்கூட்டர். நடந்தே போய்விடலாம் என்கிற தூரம்தான், அதற்கும் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, வகுப்புக்குள்ளும் வந்துவிடுவார். மயிலம் கோயிலில் ஒரு மாணவியின் கல்யாணத்துக்கு அவர் வந்த கோலத்தை என்னால் மறக்க முடியாது. தலையில் வைத்த பூ நசுங்கிவிடும் என்று மல்லிகைச் சரத்தை ஹெல்மெட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மணப்பெண்ணைப் பார்க்க வந்த கூட்டம் கொஞ்ச நேரம் மேடத்தைத்தான் பார்த்தது.

பஸ்ஸில் அவருடைய இடம் ஓட்டுநருக்குப் பின்னால். அங்கே உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டே வருவார். "மெதுவா போப்பா. எனக்கு மொத பீரியடு கிடையாது." திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவர் தலை தெரிந்தாலே சில ஓட்டுநர்கள் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, "எங்க சார் அந்தம்மா? பேஜாரா இருக்குது, பஸ்ஸே ஓட்டுன மாதிரி இல்ல," என்று என்னிடம் விசாரித்ததும் அதே ஓட்டுநர்களில் ஒருவர்தான்.

எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. நான் எதைப் பார்த்தாலும் "நம்ம ஜனங்க திருந்த மாட்டாங்க" என்று முடித்துவிட்டுப் போகிற ஆள். அதில் ஒரு வசதி உண்டு, நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மேடத்துக்கு அந்த வாக்கியம் ஆகவே ஆகாது. சில தேசங்களில் சாலையில் ஆள் சாவது அபூர்வமாகவும், சில தேசங்களில் அன்றாடச் செய்தியாகவும் இருப்பது ஏன் என்பதுதான் அவர் பல வருஷமாகத் துருவிக்கொண்டிருந்த விஷயம். பணம் இருக்கிற நாடு பிழைத்துக்கொள்கிறது என்பது ஒரு கட்சி. பணம் மட்டும் போதாது, பண்பாடு வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியோடும் அவருக்குத் தகராறு. "காசு வந்தா மொதல்ல வண்டி வரும், அப்புறம் வேகம் வரும், பயம் கடைசியாத்தான் வரும். நாம நடுவுல மாட்டிக்கினு நிக்கிறோம் தமிழய்யா," என்பார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையை அகலப்படுத்தியபோது ஊரே சந்தோஷப்பட்டது. மேடம் மட்டும், "இனிமே நாய்க்கும் ஆட்டுக்கும் கிழவனுக்கும் கஷ்டகாலம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருமுறை கோட்டக்குப்பத்தில் ஒரு பாயைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வளைகுடாவில் பல வருஷம் டாக்சி ஓட்டிவிட்டு விடுமுறையில் வந்திருந்தவர். அங்கே பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்த மாட்டாராம், கோட்டைத் தாண்ட மாட்டாராம். நாங்கள் பேசி முடித்து வெளியே வந்ததும், பேரனை பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஜம்மென்று பைக்கில் கிளம்பினார். மேடம் ஓடிப்போய் வண்டியை மறித்தார். "என்ன பாய் இது?" பாய் வெகு நிதானமாகச் சொன்னார்: "அங்க ரோடு அவங்களுதும்மா. இது நம்ம ரோடு." வழியெல்லாம் மேடம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். "ரத்தத்துல இல்ல பாருங்க தமிழய்யா. அதே ஆளு, அதே கை, அதே காலு. எங்க நிக்கிறோம்கிறதுலதான் இருக்குது."

அந்தச் சிரிப்போடுதான் எங்கள் கண்டமங்கலம் பயணங்கள் தொடங்கின. விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கண்டமங்கலத்தைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. அந்த எல்லையை ஒட்டி ஜெயக்கொடி அம்மாவின் டீக்கடை. டீயும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற அவித்த வேர்க்கடலையும் அங்கே பிரமாதம். கடைச் சுவரில் ஒரு நீளப் பலகை, பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஆணி ஒரு ஹெல்மெட். சுற்று ஊர்களிலிருந்து புதுச்சேரிப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் டீ குடித்துவிட்டு ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் திரும்பும்போது எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பக்கம் அப்போது அவ்வளவு கெடுபிடி கிடையாது, எதற்கு வீணாக வேர்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது போல அவ்வளவு இயல்பாகச் செய்வார்கள்.

மேடம் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி குதித்தார். "ஒரே ஊரு, ஒரே பாஷை, ஒரே சம்பளம். ஆணிக்கு இந்தப் பக்கம் ஒரு பண்பாடு, அந்தப் பக்கம் ஒரு பண்பாடா? எங்கய்யா போனாங்க உங்க 'நம்ம ஜனங்க'?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் பயம், வேறென்ன என்றேன். அதற்கு மேல் எனக்கு அவித்த மல்லாட்டையில்தான் கவனம்.

சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்காருவது வழக்கமானது. ஒரு நாள் இளைஞர் ஒருவர் டீ குடித்துவிட்டு, ஹெல்மெட்டை ஓர ஆணியில் மாட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பிப் போனார். ஜெயக்கொடி அம்மா வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேடத்தின் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஊர்க்காரங்க ஹெல்மெட்டுக்கெல்லாம் நான்தான் காவல் இருக்கறேன் மேடம். அதுல ஒண்ணு எம் மாப்ளைதுங்க. முருகவேலு."

"மாப்ளையா? கழட்டாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பொண்ண குடுத்த எடமாச்சே, எப்படிங்க சொல்றது? எம் பொண்ணு சுமதிகிட்ட சொல்லி சொல்லச் சொன்னேன். 'உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா'ன்னு கேட்டுட்டு ரெண்டு வாரம் கடப்பக்கமே வரல. எங்க வூட்டுக்காரரு இதே ரோட்டுலதான் மேடம் போனாரு. டெய்லி சாய்ந்தரம் இவரு வண்டி சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு வயித்துல நெருப்பு எரிஞ்சிக்கினே இருக்கும்."

அந்த வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவதே கிடையாது. மாப்பிள்ளை எதிரில் நிற்கும்போதும், "சுமதி, அவருக்கு இன்னொரு டீ வேணுமான்னு கேளு," என்பார். இரண்டடி தூரத்தில் இருக்கும் முருகவேல், "வேணாம்னு சொல்லு," என்பார். நடுவில் சுமதி தந்திக் கம்பம் மாதிரி நிற்பாள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மேடம் ஓட்டுநருக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருக்கிறவரைக் கீழே இருக்கிறவர் கேள்வி கேட்க முடியாத தேசங்களில் சாலையும் பொல்லாததாகத்தான் இருக்கிறது என்று ஒரு கருத்து உண்டு என்றார். படித்தபோது, கார் ஓட்டுவதற்கும் பெரியவர் சிறியவருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தாராம். "இன்னிக்குத்தான் புரியுது. அந்தம்மா பயம் தொண்டையில நிக்குது, வெளிய வர வழியில்ல. மாமியார் மாப்பிள்ளைக்கு உங்க இலக்கியத்துல ஏதாவது வழி இருக்குதா?" என்றார். எங்கள் இலக்கியத்தில் காதலும் வீரமும்தான் இருக்கிறது, மாமியார் இல்லை என்றேன்.

ஆயுதபூஜை வந்தது. முருகவேல் புது பைக் வாங்கியிருந்தார். கடை வாசலில் பூஜை, வாங்க என்று ஜெயக்கொடி அம்மா கூப்பிட்டிருந்தார். மேடம் ஒரு திட்டத்தோடு வந்தார். திருஷ்டிப் பூசணிக்காய்க்கு ஹெல்மெட் மாட்டி ரோட்டில் போடச் சொல்வது, அது உடையாததைக் கூட்டத்துக்குக் காட்டுவது, மண்டையும் இப்படித்தான் என்று ஒரு சிற்றுரை ஆற்றுவது. பொருளியல் பேராசிரியரின் மூளைக்கு இது கச்சிதமான செய்முறை விளக்கமாகத் தோன்றியது. தமிழ்ப் பேராசிரியரின் மூளைக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பூசணிக்காயை எதற்காக உடைக்கிறார்கள் என்பதை இரண்டு பேரும் சுத்தமாக மறந்துபோனோம்.

வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமம் நிரப்பி, மேலே சூடம் கொளுத்திச் சுற்றி முடித்தார்கள். சூடம் அணைந்ததும் மேடம் முன்னால் போய், முருகவேலின் ஹெல்மெட்டை அந்தப் பூசணிக்காய்க்கு மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். படித்தவர்கள் ஏதோ விசேஷமாகச் செய்கிறார்கள் என்று எல்லோரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகவேல் அதைத் தலைக்கு மேல் தூக்கி முழு பலத்தோடு தார் ரோட்டில் அடித்தார். தடாலென்று விழுந்து, எகிறி, உருண்டு, ஓரத்தில் போய் நின்றது. மேடம் ஓடிப்போய் எடுத்து, வாரை அவிழ்த்து, பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை.

"பாத்தீங்களா? உடையவே இல்ல!" என்றார், முகமெல்லாம் வெளிச்சமாக.

யாரும் கைதட்டவில்லை. சூழ்ந்து நின்றவர்கள் எல்லோர் முகமும் செத்துப்போனது. ஒரு பெரியவர், "அய்யய்யோ, திருஷ்டி கழியலயே," என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. புது வண்டிக்குச் சுற்றிய திருஷ்டி அப்படியே நிற்கிறது. பூசணிக்காயில் உடைந்திருக்க வேண்டியது இனி எங்கே போய் உடையும்?

ஜெயக்கொடி அம்மா மேடத்தின் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கினார். சுமதியைப் பார்க்கவில்லை. நேராக மாப்பிள்ளையிடம் போனார்.

"மாப்ள! தலைய குனிங்க! திருஷ்டி கழியிற வரைக்கும் இத நீங்க கழட்டக் கூடாது. அந்தப் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி. கழட்டுனீங்கன்னா நான் இந்த ரோட்டுலயே படுத்துக்குவேன்!"

கல்யாணம் ஆனதிலிருந்து மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. முருகவேல் அரண்டுபோய்த் தலையைக் குனிந்தார். ஜெயக்கொடி அம்மா ஹெல்மெட்டை அழுத்தினார். உடனே மேடம் பாய்ந்து, "அது வேணாம், அது அடிபட்டது! அடிபட்டத மறுபடி போடக் கூடாது!" என்று கழற்றப் பார்த்தார். "கழட்டாதீங்க மேடம்!" என்று அந்த அம்மா அழுத்த, இந்த அம்மா இழுக்க, நடுவில் முருகவேலின் தலை பட்ட பாட்டை நான் விவரிக்க முடியாது. சுமதி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்ததும் முருகவேலும் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார். கடைசியில் மேடம் ஜல்தியாக என்னை வில்லியனூருக்கு அனுப்பிப் புது ஹெல்மெட் வாங்கிவரச் சொன்னார். அது வரும்வரை புது மாப்பிள்ளை மாதிரி முருகவேலை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள்.

அடுத்த ஆயுதபூஜைதான் மறுபடி திருஷ்டி கழிக்க நல்ல நாள் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். அதுவரை முருகவேலுக்கு விமோசனம் இல்லை. ஒரு முறை வாய் திறந்தாயிற்று, இனி எதற்கு மூட வேண்டும் என்று ஜெயக்கொடி அம்மா நினைத்துவிட்டார். தினமும் காலையில், "மாப்ள, வாரு கட்டுனீங்களா?" என்பார். முருகவேல், "கட்டிட்டேன் அத்தே," என்பார். அந்த ஒரு வரிக்காகவே நான் அங்கே போய் டீ குடித்த நாட்கள் உண்டு.

"உங்க ஆராய்ச்சி ஜெயிச்சிடுச்சு," என்று மேடத்தைச் சீண்டினேன். "எங்க ஜெயிச்சுது? மூடநம்பிக்கைய ஒழிக்கப் போயி புதுசா ஒண்ண ஆரம்பிச்சு வச்சிட்டேன்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா பூசணிக்காயா அவரு தலைய மூடுச்சு? அந்தம்மா வாயத் தொறந்தாங்க. அதான்."

அந்த மழைக்காலத்தில் எல்லையைத் தாண்டி அரியூர் பக்கம் ஒரு நாய் குறுக்கே வந்து முருகவேல் வண்டியோடு விழுந்தார். தலை போய்ச் சாலை நடுவில் இருந்த தடுப்புச் சுவரில் மோதியது. ஹெல்மெட் வெடித்துப்போனது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. மறுநாள் நானும் மேடமும் பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், ஜெயக்கொடி அம்மா வாசலிலேயே எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "ஹெல்மெட்டு ஒடைஞ்சிடுச்சு மேடம்! திருஷ்டி கழிஞ்சிடுச்சு!" கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகம் சிரிக்கிறது. மேடத்துக்கு வேறு கவலை. "அப்போ இனிமே போட மாட்டாரா?" என்று அலறினார். "நல்லா இருக்கே! அடுத்த திருஷ்டி எப்ப வரும்னு யாரு கண்டா? புதுசு வாங்கியாச்சு," என்றார் அந்த அம்மா. மேடம் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். தோளில் கட்டோடு கட்டிலில் கிடந்த முருகவேல், "அத்த தெனமும் கேட்டுக்கினே இருந்தாங்க மேடம், அதான் போட்டேன்," என்றார். அந்த நிமிஷம் மேடம் அழுததை நான் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கடையில் ஹெல்மெட் மாட்ட ஆணி கிடைக்கவில்லை. "எங்க கடையில டீ மட்டும்தான். தலையெல்லாம் வச்சிக்க மாட்டோம்," என்று ஜெயக்கொடி அம்மா எல்லோரையும் விரட்டினார். பலகையில் வாழைத்தார் தொங்கியது. அடுத்த ஆயுதபூஜைக்கு அந்தச் சாலையில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் பூசணிக்காய்க்கு ஹெல்மெட் மாட்டியே போட்டார்கள், அது உடையாமல் இருந்தால்தான் நல்லதாம். சாலையில் பூசணிக்காய்ச் சதையில் வழுக்கி விழுகிற வண்டிகளும் அந்த வருஷம் அங்கே இல்லை என்று மேடத்துக்கு ஒரு ரகசியக் குஷி.

திண்டிவனத்தில் அவரை எடுத்தபோது வழக்கப்படி மாலைகளைப் பிய்த்து ரோட்டில் இறைக்கப் பையன்கள் தயாராக இருந்தார்கள். ராஜாராமன் சார் தடுத்தார். "எம் பூ மேல வண்டி வழுக்கி எவனாவது உழுந்தா நான் திரும்பி வந்துடுவேன்னு சொல்லியிருக்கா," என்றார். திரும்பி வரட்டுமே என்று யாரோ சொன்னார்கள், அவரே சிரித்துவிட்டார். பூவையெல்லாம் கோணியில் கட்டிச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனோம். மேளம் முழங்கியது, ஆனால் மொத்த ஊர்வலமும் சாலையின் இடது ஓரமாகப் போனது. திண்டிவனம் அப்படி ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்திருக்காது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடும் வழக்கத்தை மறந்து, கண்டமங்கலத்திலிருந்து வந்திருந்த ஜெயக்கொடி அம்மா பெரிய சாலை வரை வந்துவிட்டார். வேகமாக வந்த ஒரு லாரிக்கு எதிரே கையை நீட்டி, "நில்லுப்பா! எங்க மேடம் போறாங்க!" என்றார். லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கிக் கும்பிட்டார். பக்கத்தில் முருகவேல் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

மாலை விழுப்புரத்துக்கு ஒரு பெரியவரின் காரில் திரும்பினோம். பெயர் சொல்ல மாட்டேன், இதை அவரும் படிப்பார். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில்தான் இருக்கிறது. அவர் ஓட்ட, பின்னால் நாங்கள் மூன்று முனைவர்கள். விக்கிரவாண்டிக்கு முன்னால் அவருக்கு போன் வந்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, வேகத்தைக் குறைக்காமல் ஏதோ கமிட்டி பற்றிப் பேச ஆரம்பித்தார். பின்சீட்டில் மூன்று பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்பு வயலை ஆராய்ந்தோம். எனக்கு வயிற்றில் நெருப்பு எரிந்தது.

"ஐயா, போனை வச்சிடுங்க. இல்லன்னா ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு ஓரமாக நிறுத்தினார், பேசி முடித்தார், போனைப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார். என் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போதுதான் வாய் திறந்தார். "ஒமக்கு இந்த வாய் எப்பய்யா வந்துது?"

"இன்னிக்குத்தாங்க ஐயா," என்றேன்.

மேடம் விட்டுப்போன சொத்தில் என் பங்கு அதுதான். இவ்வளவு காலமும் அவருடைய வாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இனி அது என்னுடையது. அவரை நேசித்த உங்களில் யாருடைய வண்டியில் நான் ஏறினாலும் சும்மா வர மாட்டேன், அவர் பேசியதை எல்லாம் நான் பேசுவேன். என் மேல் கோபம் வந்தால் வரட்டும். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்து, உயிரோடு உட்கார்ந்து, ஆற அமரக் கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.